சின்னஞ்சிறு அமெரிக்கத் தங்கக் காசுகள்: வகைத் தொகுப்புக்குக் காசு தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க அரசு அச்சடித்த காசுகளிலேயே குறுக்களவில் மிகச் சிறியது 1849-இல் வெளிவந்த ஒரு டாலர் தங்கக் காசுதான். 13 மி.மீ.; சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அந்த இடத்துக்குள் ஒரு பெண் முகம், பதின்மூன்று நட்சத்திரங்கள், மறுபக்கம் ஒரு மலர்வளையம், மதிப்பு, ஆண்டு எல்லாம் தெளிவாக இருக்கும். இந்தக் காசுகளை ஒருமுறை லென்ஸ் வைத்துப் பார்த்தவர்களுக்கு அப்புறம் பெரிய காசுகள் மீது அவ்வளவு ஆசை வராது.

ஆண்டு வாரியாகச் சேர்க்க நினைத்தால் இது பெரும் பணக்காரர்களின் பொழுதுபோக்கு. வகை வாரியாகச் சேர்த்தால் சாதாரணச் சம்பளக்காரரும் சில ஆண்டுகளில் முடிக்கலாம். ஒவ்வொரு வடிவமைப்புக்கும் ஒரே ஒரு காசு. எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை என்பது உங்கள் விருப்பம். இந்தச் சுதந்திரத்தைப் புரிந்துகொள்வதுதான் முதல் பாடம்: அபூர்வமான ஆண்டுக்குக் கொடுக்கும் பணத்தை எளிதில் கிடைக்கும் ஆண்டின் நல்ல காசுக்குக் கொடுங்கள். பெட்டியில் அந்த வடிவத்துக்கு அது ஒன்றுதான் சாட்சி. அது அழகாக இருக்க வேண்டும்.

படி 1: எத்தனை காசு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பட்டியல் இல்லாமல் வாங்கத் தொடங்குபவர்கள் ஒரே வகையில் மூன்று காசு வைத்துக்கொண்டு, மற்ற வகைகளுக்குப் பணம் இல்லாமல் நிற்பார்கள். நான் பரிந்துரைப்பது ஏழு காசுத் தொகுப்பு.

ஒரு டாலரில் மூன்று வகை: 1849 முதல் 1854 வரை வந்த சிறிய லிபர்ட்டி தலை, 1854 முதல் 1856 வரை வந்த, இறகு முடி சூடிய சிறிய தலை, 1856 முதல் 1889 வரை வந்த பெரிய தலை. சேகரிப்பாளர்கள் இவற்றை டைப் 1, டைப் 2, டைப் 3 என்றே சொல்வார்கள். மூன்றையும் வடிவமைத்தவர் ஜேம்ஸ் லாங்ஏக்கர்.

இரண்டரை டாலரிலும் மூன்று. இதற்குக் குவார்ட்டர் ஈகிள் என்று பெயர், அதாவது பத்து டாலர் ஈகிளில் கால் பங்கு. 1834 முதல் 1839 வரை வில்லியம் நீஸின் கிளாசிக் ஹெட். 1840 முதல் 1907 வரை கிறிஸ்டியன் கோப்ரெக்ட்டின் லிபர்ட்டி ஹெட். 1908 முதல் 1929 வரை பேலா லயன் பிராட்டின் இந்தியன் ஹெட், அதாவது அமெரிக்கப் பழங்குடியினர் ஒருவரின் தலை. கடைசியாகச் சொன்னது 1916 முதல் 1924 வரை அச்சிடப்படவே இல்லை.

ஏழாவது, மூன்று டாலர் காசு. 1854 முதல் 1889 வரை. மூன்று சென்ட் தபால்தலைகளை நூறு நூறாக வாங்க வசதியாக இருக்கும் என்பது அதைக் கொண்டுவந்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று. மக்கள் அதை அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை. அதனாலேயே இன்று அதற்கு இவ்வளவு மவுசு.

கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தால் ஐந்து டாலரில் நான்கு சேர்க்கலாம்: கிளாசிக் ஹெட், வாசகம் இல்லாத லிபர்ட்டி, 1866-க்குப் பின் கடவுள் நம்பிக்கை வாசகம் சேர்ந்த லிபர்ட்டி, இந்தியன். மொத்தம் பதினொன்று ஆகும்.

1834-க்கு முந்தைய இரண்டரை டாலர் காசுகளைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அந்தக் காலத்தில் காசின் முகமதிப்பைவிட அதிலிருந்த தங்கத்துக்கு வெளிச்சந்தையில் மதிப்பு அதிகம். அதனால் கப்பலேறிப் போய் உருக்கப்பட்டவை ஏராளம். 1808-இல் ஒரே ஆண்டு மட்டும் வந்த வகையில் அச்சானதே 2,710 காசுகள். 1834 ஜூனில் வந்த சட்டம் தங்கத்தின் அளவைக் குறைத்த பிறகுதான் தங்கக் காசு மக்கள் கையில் புழங்கத் தொடங்கியது. ஆகவே கிளாசிக் ஹெட்டிலிருந்து தொடங்கும் தொகுப்புக்கு ஒரு வரலாற்று நியாயமும் உண்டு.

படி 2: எடையையும் தங்கத்தையும் மனப்பாடம் செய்யுங்கள்

ஒரு டாலர் 1.672 கிராம், இரண்டரை டாலர் 4.18 கிராம், மூன்று டாலர் 5.015 கிராம், ஐந்து டாலர் 8.359 கிராம். ஆயிரத்துக்கு 900 பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பு. 1834 முதல் 1836 வரையிலான காசுகளில் மட்டும் 899.2. நம் ஊர் நகைக்கடை 916-ஐவிடச் சற்றுக் குறைவு. ஐந்து டாலர் காசு கிட்டத்தட்ட ஒரு சவரன் எடை என்பதால் நமக்கு அதன் கனம் சட்டென்று பிடிபடும்.

சுத்தத் தங்கம் எவ்வளவு என்று பார்த்தால், ஒரு டாலரில் 1.5 கிராம், இரண்டரையில் 3.76, மூன்றில் 4.51, ஐந்தில் 7.52. அன்றைய 24 காரட் கிராம் விலையை இந்த எண்ணால் பெருக்கினால், காசை உருக்கினால் வரும் தங்கத்தின் விலை கிடைக்கும். கேட்கும் விலைக்கும் இதற்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் பழமைக்கும் அழகுக்கும் அபூர்வத்துக்கும் கொடுக்கும் தொகை. 1900-களின் லிபர்ட்டி இரண்டரை டாலரில் அது சிறியது. டைப் 2 டாலரில் தங்கத்தின் விலை ஒரு பொருட்டே இல்லை. தங்கம் ஏறும்போது அந்த லிபர்ட்டிக் காசின் விலையும் கூடவே ஏறும். டைப் 2 அவ்வளவாக அசையாது. எதை இன்று வாங்குவது, எதற்குக் காத்திருப்பது என்று இதை வைத்தே முடிவு செய்யலாம்.

படி 3: ஒவ்வொரு வகைக்கும் எளிதான ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

டைப் 1 டாலருக்கு 1851, 1852, 1853. கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்து, அது பிலடெல்பியா நாணயச்சாலைக்கு வந்து குவிந்த ஆண்டுகள் இவை. 1853-இல் மட்டும் அங்கே நாற்பது லட்சத்துக்கு மேல் அச்சடித்தார்கள். பிலடெல்பியா காசில் நாணயச்சாலை எழுத்து இருக்காது. சார்லட் நகரத்தின் 'சி', டலோனிகாவின் 'டி' இருந்தால் விலை பல மடங்கு. இவ்விரண்டும் தெற்கே தங்கம் கிடைத்த பகுதிகளில் 1838-இல் அச்சடிக்கத் தொடங்கி, 1861-இல் உள்நாட்டுப் போரோடு மூடப்பட்ட சிறிய நாணயச்சாலைகள். 1861-இன் டலோனிகா டாலரை அச்சடித்ததே அந்த இடத்தைக் கைப்பற்றிய தென் மாநிலக் கூட்டமைப்பினர்தான். படிக்கப் படிக்கச் சுவையான கதை. ஆனால் வகைத் தொகுப்புக்குத் தேவையில்லை.

டைப் 2 பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொகுப்பில் உங்கள் பொறுமையைச் சோதிப்பது இதுதான். 13 மி.மீ. காசு அடிக்கடி தொலைந்துபோகிறது என்ற குறையைத் தீர்க்க, 1854-இல் எடையை மாற்றாமல் குறுக்களவை மட்டும் சுமார் 15 மி.மீ. ஆக்கினார்கள். அப்படியானால் காசு மெலிய வேண்டும், இல்லையா? மெலிந்த தகட்டில் லாங்ஏக்கர் புடைப்பான ஒரு தலையை வைத்தார். தலைப் பக்கத்தில் முகம் மிகவும் புடைத்திருக்கும் இடத்துக்கு நேர் பின்னால், பூப் பக்கத்தில் ஆண்டு எண் இருக்கிறது. அச்சு இறங்கும்போது தங்கம் முகத்தின் பள்ளத்தை நிரப்பப் போய்விடும். ஆண்டு எண்ணுக்குப் போதாது. அதனால்தான் 1855 என்பதில் நடுவிலுள்ள 8-ம் 5-ம் மங்கலாகவும், அதற்கு மேலே டாலர் என்ற சொல்லின் நடு எழுத்துகள் இரண்டும் தேய்ந்ததுபோலவும் இருக்கும். அது தேய்மானமே கிடையாது, பிறக்கும்போதே வந்த குறை. நாணயச்சாலைக்காரர்களும் இதைப் புரிந்துகொண்டு 1856-இல் தலையை அகலமாக்கிப் புடைப்பைக் குறைத்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் மட்டும் அந்த ஆண்டும் பழைய வடிவமே தொடர்ந்தது.

டைப் 2 வாங்கும்போது லென்ஸை முதலில் பூப் பக்கத்தின் நடுவுக்குக் கொண்டுபோங்கள். நான்கு எண்களும் படிக்க முடிகிறதா? இரண்டு நடு எழுத்துகளின் தண்டும் தெரிகிறதா? அப்புறம் தலைப் பக்கம் திருப்பி, நெற்றிக்கு மேலே முடிச்சுருளையும் இறகுகளின் நுனியையும் பாருங்கள். வெற்றிடங்களில் மறுபக்க வடிவத்தின் நிழல் கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இடையில் தகடு இல்லாமல் அச்சுகள் ஒன்றோடொன்று மோதியதால் வந்தவை அவை. இந்த வகையில் மிகவும் சகஜம். பிலடெல்பியாவின் 1854, 1855 இரண்டில் எது நன்றாக அச்சாகியிருக்கிறதோ அதை எடுங்கள். கிரேடு, அதாவது காசின் நிலைக்குத் தரும் தர எண், ஒரு படி குறைந்தாலும் ஆண்டு எண் முழுசாக இருக்கும் காசையே நான் தேர்ந்தெடுப்பேன்.

டைப் 3-இல் நிலைமை தலைகீழ். 1862-இல் பதின்மூன்று லட்சத்துக்கு மேல் அச்சானதால் அது எங்கும் கிடைக்கும். ஆனால் என் கண் 1880-களின் காசுகள் மேல்தான். அச்சானது சில ஆயிரம்தான், 1881-இல் 7,620. இருந்தும் அவை கடைத்தெருவுக்குப் போகாமல், ஆசைப்பட்டவர்கள் வாங்கிப் பத்திரப்படுத்தியதால் புதுசாகவே தப்பின. கண்ணாடிபோல மின்னும் காசுகள்கூட அகப்படும்.

கிளாசிக் ஹெட் இரண்டரை டாலருக்கு 1834, 1835, 1836. லிபர்ட்டிக்கு 1900-க்குப் பிந்தைய பிலடெல்பியா காசு எதுவும் சரி. அறுபத்தெட்டு ஆண்டுகள் ஏறத்தாழ மாறாமல் வந்த வடிவம் என்பதால், கொஞ்சம் பழமை வேண்டுமென்றால் 1850-களிலிருந்தும் எடுக்கலாம். 1848-இல் கலிஃபோர்னியாத் தங்கம் என்று காட்டக் கழுகுக்கு மேலே மூன்றெழுத்து பொறித்த 1,389 காசுகள் தனிக் கதை, தனி விலை.

இந்தியன் இரண்டரை டாலரில் மொத்தமே 15 காசுகள்தான். 1911-இன் டென்வர் காசு ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் எட்டக்கூடியவை. 1925 முதல் 1929 வரை எது வேண்டுமானாலும் எடுங்கள்.

மூன்று டாலருக்கு 1854, 1874, 1878. புழங்காத நிலையில் வேண்டுமென்றால் 1878 சுலபம். 1854-இல் மட்டும் பூப் பக்கத்தில் டாலர் எழுத்துகள் சிறியவை. அடுத்த ஆண்டிலிருந்து பெரிதாகின.

படி 4: கிரேடில் எங்கே நிற்பது

1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவுகோல்தான் எங்கும். 60-உம் அதற்கு மேலும் புழங்காதவை, எம்எஸ் என்பார்கள். 50 முதல் 58 வரை லேசாகப் புழங்கியவை, ஏயூ என்பார்கள். 40, 45 கிடைத்தால் எக்ஸ்எஃப். காசைச் சோதித்துக் கிரேடு சொல்லும், 1986-இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-இல் தொடங்கிய என்ஜிசி ஆகிய இரண்டு நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த காசுகளைத்தான் புதியவர் வாங்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏழு காசுக்கும் ஒரே கிரேடு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். டைப் 3 டாலரும் 1900-களின் லிபர்ட்டியும் எம்எஸ் 63-இல் நியாயமான விலைக்கு வரும். டைப் 1-க்கு ஏயூ 58 முதல் எம்எஸ் 62 வரை. மூன்று டாலருக்கு ஏயூ 50, 55. கிளாசிக் ஹெட்டுக்கும் டைப் 2-க்கும் எக்ஸ்எஃப் 45 முதல் ஏயூ 55 வரை போதும்.

ஏயூ 58 என்பது தனி மதிப்புள்ள இடம். தேய்மானம் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குத்தான் இருக்கும். புழங்காதவை என்று சொல்லப்படும் எம்எஸ் 60, 61 காசுகள் பையில் ஒன்றோடொன்று இடித்துக் காயம்பட்டு அதைவிட மோசமாகத் தெரிவது உண்டு. எண்ணைப் பார்க்காமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தியன் காசில் கிரேடு பார்ப்பது கடினம். மற்றக் காசுகளில் உருவம் மேலெழுந்து நிற்கும். இதில் உருவம் குழிந்திருக்கும், வெற்றிடம்தான் உயரம். பழைய எகிப்தியச் சிற்பங்களைப் பார்த்துப் பாஸ்டன் மருத்துவர் வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகலோ கொடுத்த யோசனை இது. பள்ளத்தில் அழுக்குச் சேர்ந்து நோய் பரப்பும் என்று பிலடெல்பியா காசு வியாபாரி சாமுவேல் சாப்மேன் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே புகார் எழுதினார். நோய் பரவியதோ இல்லையோ, கீறல்கள் எல்லாம் வெற்றிடத்தில்தான் விழும். ஒளித்துவைக்க இடமே இல்லை. கன்ன எலும்பு, தலைப்பாகையின் இறகுகள், கழுகின் தோள் ஆகிய இடங்களில் நிறம் மங்கியிருந்தால் அது புழங்கிய காசு.

படி 5: நகையாக இருந்ததா என்று பாருங்கள்

சின்னத் தங்கக் காசுகளுக்கே உரிய ஆபத்து இது. ஒரு டாலர் காசுகளைப் பதக்கமாக, சட்டைப் பித்தானாக, கடிகாரச் சங்கிலித் தொங்கலாகச் செய்து போட்டுக்கொண்டார்கள். பல காசுகளின் ஒரு பக்கத்தை வழித்துவிட்டுக் காதலர் பெயரெழுத்துகளைப் பொறித்தார்கள். அப்புறம் வளையத்தைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, பாலீஷ் போட்டு விற்பார்கள்.

விளிம்பைச் சுற்றி மெதுவாகத் திருப்புங்கள். விளிம்பு வரிகள் ஓரிடத்தில் அடைபட்டிருக்கின்றனவா, அரம் போட்டதுபோல் வழவழப்பாக இருக்கிறதா? பெரும்பாலும் தலைக்கு நேர் மேலே, பன்னிரண்டு மணி இடத்தில்தான் பற்றவைத்த தடம் இருக்கும். அங்கே நிறம் கொஞ்சம் வெளிறியோ கருத்தோ தெரியும். அடைத்த ஓட்டையைச் சுற்றி எழுத்தும் நட்சத்திரமும் கையால் செதுக்கியதுபோல் கோணலாக இருக்கும்.

அடுத்து, ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தொடாத காசில் ஒளி ஆரக்கால்போல் சுழலும். துடைத்த காசில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும், ஒளி அசையாது. செம்பு கலந்ததால் வரும் சிவந்த புள்ளிகள் குறை ஆகாது. தெற்கத்திய நாணயச்சாலைக் காசுகளில் வெள்ளி கலந்து லேசான பச்சைச் சாயல் இருப்பதும் இயல்பே. கிரேடுச் சீட்டில் 'டீடெய்ல்ஸ்' என்று இருந்தால், உண்மைக் காசுதான், ஆனால் காயமோ துடைப்போ உண்டு என்று பொருள். டைப் 2-க்கு மட்டும், விலை நன்றாகக் குறைந்தால், லேசாகத் துடைத்த ஒன்றை ஏற்கலாம். ஓட்டை அடைத்ததை எக்காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள்.

படி 6: போலிகள்

தங்கமாக இருந்தால் உண்மை என்று நினைப்பது பெரிய தவறு. இந்தக் காசுகளின் போலிகள் பல, சரியான தரத் தங்கத்தில், சரியான எடையில் செய்தவை. தங்கத்துக்கு மேல் சேகரிப்பாளர் கொடுக்கும் தொகைதான் போலி செய்பவரின் லாபம். மூன்று டாலர், டைப் 2, இந்தியன் இரண்டரை டாலர் ஆகியவைதான் அதிகம் அடிபடுபவை.

எடைபோட மில்லிகிராம் காட்டும் தராசு தேவை. எடை சரியென்றால் வடிவத்தைப் பாருங்கள்: எழுத்துகள் ஊதிப்போனதுபோல் தடித்திருப்பது, வெற்றிடத்தில் சிறு பருக்கள், கழுத்திலோ விளிம்புப் பற்களிலோ கம்பிபோல் மேலெழுந்த கோடுகள், சோப்பு தடவியதுபோன்ற வழவழப்பு. பெட்டியே போலியாகவும் வருகிறது. சீட்டிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையிலுள்ள காசோடு ஒவ்வொரு கீறலாக ஒப்பிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் 1850-களில் தனியார் அச்சடித்த கால், அரை டாலர் தங்கத் துணுக்குகளும் இந்த வரிசையில் வைக்க ஆசையாக இருக்கும். பூப் பக்கத்தில் கரடி உருவம் இருந்து, டாலர் மதிப்பு எழுதாமல் இருந்தால் அது பின்னால் செய்த நினைவுப்பொருள். பல வெறும் முலாம்.

படி 7: வாங்கும் வரிசையும் விலையும்

சுலபமானதிலிருந்து தொடங்குங்கள். முதலில் 1900-களின் லிபர்ட்டி இரண்டரை டாலர், அடுத்து இந்தியன், பிறகு டைப் 3, டைப் 1. இந்த நான்கில் கண் பழகிவிடும்: உண்மையான மினுமினுப்பு எப்படி இருக்கும், அச்சுக்குறை எது, தேய்மானம் எது என்று தெரிந்துவிடும். பிறகு கிளாசிக் ஹெட். மூன்று டாலரும் டைப் 2-ம் கடைசியில். இவற்றில் தவறினால் இழப்பு பெரிது என்பதால் அனுபவம் வந்தபின் வாங்குவது நல்லது.

விலைப் பட்டியல் புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள். பெரிய ஏல நிறுவனங்கள் பழைய ஏல முடிவுகளைப் படத்தோடு வைத்திருக்கின்றன. அதே வகை, அதே கிரேடில் அண்மையில் விற்ற ஐந்தாறு காசுகளைத் திறந்து பாருங்கள். ஒரே கிரேடில் ஏன் ஒன்று அதிகம் போனது என்று படத்தில் தேடுவதைவிட நல்ல பயிற்சி கிடையாது. நீங்களே ஏலம் கேட்டால், வாங்குவோர் கட்டணம் ஏலத்தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வரக்கூடும். அதைக் கழித்துக்கொண்டு உங்கள் உச்சவரம்பை எழுதிவைத்துவிடுங்கள். கடையில் வாங்கினால் திருப்பித்தரும் உரிமை எத்தனை நாள் என்று முதலிலேயே கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அந்தக் கடையே வேண்டாம்.

வாங்கிய காசைப் பெட்டியிலிருந்து உடைத்து எடுக்க வேண்டாம். தனியாக வந்த காசென்றால் மென்மையான பிவிசி உறையில் வைக்காதீர்கள். அதிலிருந்து கசியும் பிசின் பச்சையாகப் படியும். விளிம்பை மட்டும் பிடித்து, மேசையில் மெத்தென்ற துணி விரித்துப் பாருங்கள். ஒன்றரை கிராம் காசு விரலிலிருந்து நழுவினால் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஒவ்வொரு காசுக்கும் வாங்கிய நாள், விலை, யாரிடம், சீட்டு எண், இரு பக்கப் படம் ஆகியவற்றைக் குறித்து, அந்தக் குறிப்பைக் காசுகளோடு சேர்த்து வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.